நரம்புப் பாலங்களும் கடுமையான சோதனையும்

கரும்பு வெட்டும் அரிவாள் தவறி மணிக்கட்டில் ஆழப் பதிந்தாலும், இயந்திரப் பட்டையில் முன்கை சிக்கினாலும், சாலை விபத்தில் மேற்கை முறிந்தாலும், தோலும் எலும்பும் பெரும்பாலும் சில வாரங்களில் அல்லது சில மாதங்களில் கூடிவிடுகின்றன. அறுந்த நரம்பு அவ்வளவு எளிதில் கூடுவதில்லை. புண் ஆறிய பின்னரும் விரல் நீளாமலும், பிடி இறுகாமலும், கொதிக்கும் பாத்திரத்தின் சூடு தெரியாமலும் கை கிடக்கிறது. உழைத்துண்போர்க்குக் கையின் இழப்பு பிழைப்பின் இழப்பாகவே முடிகிறது. இந்தியாவில் ஆண்டுதோறும் ஒன்றரை இலட்சத்திற்கும் மேற்பட்டோர் சாலை விபத்துகளில் உயிரிழக்கின்றனர். உயிர் தப்பியவர்களுள் நரம்பு அறுந்து கை சோர்ந்தவர்களும் உளர்.

இத்தகையோர்க்கு உதவும் பொருட்டு, அறுந்த நரம்பின் இரு முனைகளையும் இணைக்கும் செயற்கைப் பாலங்களை ஆக்கும் ஆராய்ச்சி இந்தியாவிலும் பிற நாடுகளிலும் நடைபெற்று வருகிறது. உடலினுள் வைப்பதற்கென ஆக்கப்படும் பொருள்களை உயிரிப்பொருள்கள் என்று விஞ்ஞானிகள் அழைக்கின்றனர். புதிய உயிரிப்பொருள் ஒன்று எலியின் நரம்பை இணைத்தது என்னும் செய்தி அடிக்கடி வெளிவருகிறது. எனினும் மருத்துவமனைகளில் நீண்ட இடைவெளிகளுக்கு இன்றும் பழைய முறையே கையாளப்படுகிறது. இந்த முரண்பாட்டிற்குக் காரணம் பொருள்களின் குறைபாடு மட்டுமன்று. அப்பொருள்களைச் சோதிக்கும் முறை மிக எளிதாக அமைந்துவிட்டதும் ஒரு முக்கிய காரணமாகும்.

அறுந்த நரம்பு வளரும் விதம்

நரம்பு, வெளித்தோற்றத்தில் வெண்ணிறக் கயிறு போன்றது. அதனுள் ஆயிரக்கணக்கான நுண்ணிய இழைகள் கற்றை கற்றையாகச் செல்கின்றன. ஒவ்வோர் இழையும் முதுகுத்தண்டிலோ அதனை அடுத்தோ உள்ள ஓர் உயிரணுவின் நீட்சியாகும். ஷ்வான் உயிரணுக்கள் எனப்படுபவை இழையைச் சூழ்ந்து அதனைப் பேணுகின்றன. நரம்பு அறுபட்டால், அறுந்த இடத்திற்கு அப்பாலுள்ள இழைப்பகுதி சிதைந்துவிடும். 1850ஆம் ஆண்டில் அகஸ்டஸ் வாலர் என்னும் ஆராய்ச்சியாளர் தவளையின் நாக்கிற்குச் செல்லும் நரம்புகளை அறுத்து இதனை விளக்கிக் காட்டினார். இழை சிதைந்தபோதிலும் ஷ்வான் உயிரணுக்கள் உடனே மடிந்துவிடுவதில்லை. அவை பெருகி, வரிசையாக நின்று, வளர்ந்து வரும் புதிய இழைக்கு வழி காட்டுகின்றன.

புதிய இழை மனிதரிடத்தில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மி.மீ. அளவே வளர்கிறது. மேற்கையில் அறுந்த நரம்பு உள்ளங்கைத் தசையை எட்டுதற்கு 60 செ.மீ. செல்ல வேண்டுமாயின், அதற்கு 600 நாள்கள், அதாவது ஏறத்தாழ 20 மாதங்கள் தேவைப்படும். தசையோ, நரம்பின் தொடர்பின்றி ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டுக்கு மேல் கிடக்குமாயின், மெலிந்து நார்த்தன்மை அடைகிறது. பின்னர் நரம்பு வந்து சேர்ந்தாலும் இயங்கும் ஆற்றலைப் பெரிதும் இழந்துவிடுகிறது. எனவே ஒவ்வொரு மாதத் தாமதமும் கை மீளும் வாய்ப்பைக் குறைக்கிறது.

அறுந்த முனைகள் இழுப்பின்றி ஒன்றையொன்று தொடுமாயின், அறுவை மருத்துவர் அவற்றை நேராகத் தைத்துவிடலாம். இடையில் ஒரு பகுதி நசுங்கி அழிந்திருப்பின், அவ்விடைவெளியை எதனாலேனும் நிரப்ப வேண்டும். நோயாளியின் கெண்டைக்காலின் பின்புறத்திலுள்ள சூரல் என்னும் உணர்ச்சி நரம்பை எடுத்து, துண்டுகளாக்கி, இடைவெளியில் ஒட்டாக வைத்துத் தைப்பது வழக்கம். வியன்னா நகரத்து மருத்துவர் ஹன்னோ மில்லேஸியும் அவருடைய தோழர்களும் 1972ஆம் ஆண்டில் வெளியிட்ட முறை இதற்கு வழிகாட்டியாயிற்று. இம்முறையில் பயன் உண்டு, விலையும் உண்டு. நல்ல காலில் ஒரு வெட்டு விழுகிறது. பாதத்தின் வெளிப்புறத்தில் உணர்ச்சி மங்குகிறது. எடுக்கத்தக்க நரம்பின் நீளத்திற்கும் ஓர் எல்லை உண்டு. செயற்கைப் பாலம் வேண்டும் என்னும் தேவை இங்கிருந்தே பிறக்கிறது.

குழாய்களின் வரலாறு

இத்தேவை புதியதன்று. 1882ஆம் ஆண்டிலேயே வான்லேர் என்பவர் நாயின் கால் நரம்பில் உண்டாக்கிய 3 செ.மீ. இடைவெளியை, சுண்ணச்சத்து நீக்கிய எலும்புக் குழாயால் இணைக்க முயன்றார். இருபதாம் நூற்றாண்டில் பல்வேறு உலோகங்களும் இரத்தக்குழாய்களும் சிலிக்கோன் குழாய்களும் முயன்று பார்க்கப்பட்டன. சிலிக்கோன் உடலில் கரைவதில்லை. சில நோயாளிகளில் அது நரம்பை நெருக்கியமையால் மீண்டும் அறுவை செய்து குழாயை அகற்ற நேர்ந்தது. பின்னர் உடலிலேயே கரையும் பொருள்கள் மீது நாட்டம் சென்றது. 1990ஆம் ஆண்டில் மக்கினன், டெல்லன் என்னும் இரு மருத்துவர்கள், கரையும் தையல் நூலுக்குப் பயன்படும் பாலிகிளைகாலிக் அமிலத்தாலான குழாயைக் கொண்டு மனிதரின் விரல் நரம்புகளை இணைத்த விவரத்தை வெளியிட்டனர். கொல்லாஜன் குழாய்களும் கைட்டோசான் குழாய்களும் அவற்றைத் தொடர்ந்து வந்தன.

இன்று விற்பனையிலுள்ள வெற்றுக் குழாய்கள் பெரும்பாலும் 3 செ.மீ.க்கு உட்பட்ட இடைவெளிகளில், அதிலும் சிறிய உணர்ச்சி நரம்புகளிலேயே பயன்படுகின்றன. அதற்கு மேற்பட்ட இடைவெளிகளை வெல்லும் பொருட்டுத் திசுப் பொறியியல் என்னும் துறை மூன்று உறுப்புகளைச் சேர்த்து அமைக்க முயல்கிறது. முதலாவது, நரம்பிழை பற்றி வளரத்தக்க சட்டகம். இரண்டாவது, அச்சட்டகத்தில் குடியேற்றப்படும் ஷ்வான் உயிரணு போன்ற உயிரணுக்கள். மூன்றாவது, வளர்ச்சியைத் தூண்டும் புரதங்கள். இப்புரதங்களுள் முதலாவதைக் கண்டறிந்த ரீட்டா லெவி-மொண்டால்சினியும் அதனைப் பிரித்தறிந்த ஸ்டான்லி கோஹெனும் 1986ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றனர்.

பொருளை முதலில் அறிதல்

சோதனையின் முதற்படி, சோதிக்கப்படும் பொருள் எது என்பதைத் திட்டமாக அறிதலாகும். கைட்டோசானை எடுத்துக்கொள்ளலாம். இறால், நண்டு ஆகியவற்றின் ஓடுகளிலிருந்து பெறப்படும் கைட்டின் என்னும் பொருளைக் காரத்தோடு வினைப்படுத்தி இது ஆக்கப்படுகிறது. அவ்வினை எவ்வளவு தூரம் நிறைவேறியது என்பதைப் பொறுத்து அதன் கரையும் வேகமும், உயிரணுக்கள் அதன்மேல் ஒட்டும் தன்மையும் மாறுபடும். எனவே இரண்டு ஆய்வுக்கூடங்கள் ஒரே பெயரில் இரண்டு வேறுபட்ட பொருள்களைச் சோதித்து, முரண்பட்ட முடிவுகளை வெளியிடுதல் கூடும். பட்டும் அத்தகையதே. மல்பெரி, தசர், எரி, முகா ஆகிய நால்வகைப் பட்டையும் விளைவிக்கும் இந்தியாவிற்குப் பட்டுப் புரதம் எளிதில் கிடைக்கத்தக்க மூலப்பொருளாகும். ஆயின் பட்டிழையின் மேலுள்ள செரிசின் என்னும் பசையைச் செவ்வனே நீக்காவிடில், உடல் அதனை எதிர்த்து அழற்சி கொள்ளும் அபாயம் உண்டு.

பொருளைத் தூய்மைப்படுத்திய பின்னரும் ஒரு கண்ணி எஞ்சி நிற்கிறது. அது கிருமி நீக்கம். நீராவியின் வெப்பம் கொல்லாஜனின் அமைப்பைக் குலைக்கும். காமாக் கதிர்கள் சில பலபடிச் சேர்மங்களின் நீண்ட சங்கிலிகளைத் துண்டிக்கும். எத்திலீன் ஆக்ஸைடு வாயு, பொருளினுள் எச்சமாகத் தங்கி உயிரணுக்களைத் துன்புறுத்தும். ஆதலால், கிருமி நீக்கத்திற்கு முன்னுள்ள பொருளைச் சோதித்துப் பெறும் முடிவு, நோயாளியின் கையில் வைக்கப்படும் பொருளுக்குப் பொருந்தும் என்று கொள்ளவியலாது. உடலோடு தொடர்புறும் மருத்துவச் சாதனங்களுக்கான ஐஎஸ்ஓ 10993 என்னும் சர்வதேசத் தர வரிசை, இறுதி வடிவிலுள்ள சாதனத்தையோ அதற்கு நிகரான மாதிரியையோ மதிப்பிட வேண்டும் என்பதன் பொருள் இதுவே.

நச்சுத்தன்மை, ஒவ்வாமை, எரிச்சல், உடலினுள் வைத்த இடத்தில் நிகழும் விளைவு, கரையும் விதம் ஆகியவற்றை இத்தர வரிசை ஆராய்கிறது. இவையனைத்தும் அவசியமானவை. ஆனால் இவை ஒரு பொருள் தீங்கு செய்யவில்லை என்பதை மட்டுமே காட்டும். அது நரம்பை இணைக்கும் என்பதைக் காட்டமாட்டா. பாத்திரத்தில் வளர்க்கப்படும் உயிரணுச் சோதனைகளுக்கும் இவ்வரம்பு உண்டு. எலியின் கட்டி ஒன்றிலிருந்து பெறப்பட்டு, 1976ஆம் ஆண்டில் விவரிக்கப்பட்ட பிசி-12 என்னும் உயிரணுக்கள், தூண்டினால் நரம்பணு போல் இழைகளை நீட்டுகின்றன. எளிதில் வளர்வதால் இவை பல ஆய்வுக்கூடங்களில் பயன்படுகின்றன. ஒரு பொருளை ஆரம்பத்திலேயே விலக்குதற்கு இவை உதவும், ஏற்றுக்கொள்வதற்குச் சான்றாகமாட்டா.

பத்து மில்லிமீட்டர் இடைவெளி

அடுத்த படி விலங்குச் சோதனை. எலியின் பின்தொடையில் ஓடும் சயாட்டிக் நரம்பை அறுத்து, 10 மி.மீ. இடைவெளி விட்டு, அங்குப் புதிய குழாயை வைத்துத் தைப்பது இத்துறையின் வழக்கமான சோதனை ஆகிவிட்டது. சில வாரங்களில் நரம்பிழைகள் இடைவெளியைக் கடக்கின்றன. குழாய் வெற்றி பெற்றது என்று அறிக்கை எழுதப்படுகிறது.

இவ்வெற்றி எத்தகையது என்பதை அறிய 1982ஆம் ஆண்டிற்குச் செல்ல வேண்டும். ஸ்வீடன் நாட்டுக் கை அறுவை மருத்துவர் லுண்ட்போர்க்கும் அவருடைய உடனாய்வாளர்களும் எலியின் இதே நரம்பில் வெறும் சிலிக்கோன் குழாயை வைத்துப் பார்த்தனர். அதனுள் உயிரணுவோ வளர்ச்சிப் புரதமோ எதுவும் சேர்க்கப்படவில்லை. 6 மி.மீ. இடைவெளியிலும் 10 மி.மீ. இடைவெளியிலும் நரம்பு தானே வளர்ந்து மறுகரை சேர்ந்தது. 15 மி.மீ. இடைவெளியில் வளரவில்லை. நரம்பின் இரு முனைகளிலிருந்தும் ஊறும் நீர் குழாயை நிரப்புவதும், அந்நீரில் ஃபைப்ரின் என்னும் புரதம் ஒரு மெல்லிய வடமாக உறைவதும், அவ்வடத்தைப் பற்றிக்கொண்டு முதலில் ஷ்வான் உயிரணுக்களும் பின்னர் நரம்பிழைகளும் செல்வதும் பிற்பாடு விளக்கம் பெற்றன. இடைவெளி நீளும்போது அவ்வடம் உருவாவதில்லை.

இதிலிருந்து பெறப்படுவது தெளிவு. வெறும் குழாயே வென்றுவிடும் 10 மி.மீ. இடைவெளியில், புதிய பொருளின் சிறப்பு வெளிப்பட வழியில்லை. வாய்க்கால் ஒன்றைத் தாண்டிக் காட்டியவனை ஆற்றைத் தாண்ட வல்லவன் என்று கூறுவது போன்றதாகும் அது. தோற்பதற்கு இடமில்லாத சோதனையில் பெற்ற வெற்றி பொருளைப் பற்றி எதனையும் தெரிவிப்பதில்லை. எலியில் குறைந்தது 15 மி.மீ. இடைவெளியும், அதன்பின் முயல், ஆடு போன்ற பெரிய விலங்குகளில் மனிதரின் தேவையை நெருங்கும் இடைவெளியும் சோதனைக்கு உட்படுத்தப்படுதல் வேண்டும்.

ஒப்பீட்டுப் பிரிவுகளும் இதே காரணத்தால் அவசியமாகின்றன. புதிய பொருள் வைக்கப்பட்ட விலங்குகளுடன், வெற்றுக் குழாய் வைக்கப்பட்ட ஒரு பிரிவும், விலங்கின் சொந்த நரம்பே ஒட்டாக வைக்கப்பட்ட மற்றொரு பிரிவும் இருத்தல் வேண்டும். முதற்பிரிவு, புதிய பொருள் ஏதேனும் கூடுதல் நன்மை செய்ததா என்பதைக் கூறும். இரண்டாவது பிரிவு, அந்நன்மை மருத்துவர் இன்று கையாளும் முறைக்கு நிகரானதா என்பதைக் கூறும். இவ்விரண்டும் இல்லாத அறிக்கையை எச்சரிக்கையுடனேயே படித்தல் நலம்.

மேலும், சோதனை எலி இளமையானது, நோயற்றது, அதன் நரம்பு கூரிய கத்தரியால் நேராக அறுக்கப்படுகிறது, அதே வேளையில் இணைக்கவும் படுகிறது. மருத்துவமனைக்கு வரும் உழவரோ தொழிலாளியோ நடுவயதைக் கடந்தவராக இருக்கலாம். நீரிழிவு உடையவராக இருக்கலாம். நசுங்கி மண் படிந்த காயத்துடன் வந்திருக்கலாம். நரம்பு அறுந்தது பல மாதங்களுக்குப் பின்னரே கண்டுபிடிக்கப்பட்டிருக்கலாம். இந்தியக் கிராமங்களில் தாமதமும் நோயின் ஒரு பகுதியே. தாமதமான காயத்திலும், முதிர்ந்த விலங்கிலும், நீரிழிவுற்ற விலங்கிலும் சோதிக்கப்படாத பொருள் இந்நாட்டின் நோயாளிக்கென ஆக்கப்பட்டதாகாது.

எதனை அளப்பது?

சோதனையின் கடுமை, இறுதியில் எது அளக்கப்படுகிறது என்பதையும் பொறுத்தது. குழாயின் மறுமுனையில் நரம்பிழைகளை நுண்ணோக்கியின்கீழ் எண்ணுவது வழக்கமான முறை. அறுந்த ஓரிழை ஒன்றுக்கு மேற்பட்ட தளிர்களை விடும். ஆதலால் மறுகரையில் எண்ணிக்கை கூடியிருப்பது, நரம்பு நலமுற்றதற்கு அடையாளமாகாது. தசைக்குச் செல்ல வேண்டிய இழை தோலுக்கும், தோலுக்குச் செல்ல வேண்டியது தசைக்கும் வழி மாறிச் சென்றிருத்தலும் கூடும். அறுந்த தந்திக் கம்பிகளை மாற்றிப் பிணைத்துவிட்டு, கம்பிகளின் எண்ணிக்கை சரியாக உள்ளது என்று திருப்தி கொள்வதால் பயனில்லை. செய்தி உரிய இடத்திற்குச் சென்றதா என்பதே கேள்வி.

ஆகவே மின்தூண்டுதலுக்குத் தசை எவ்வளவு விரைவாகவும் வலிமையாகவும் விடையளிக்கிறது, கெண்டைத் தசை மற்றொரு காலின் தசையோடு ஒப்பிட எவ்வளவு எடையுடன் உள்ளது, எலி நடக்கும்போது பாதச்சுவடு எவ்வாறு பதிகிறது என்பனவற்றையும் சேர்த்தே முடிவு காண வேண்டும். பாதச்சுவட்டைக் கணக்கிடும் முறை 1982ஆம் ஆண்டு முதல் வழக்கில் உள்ளது. இதற்கும் குறைகள் உண்டு. மூட்டு இறுகினால் சுவடு மாறும். உணர்ச்சியற்ற விரலை எலி தானே கடித்துவிடுவதும் உண்டு. ஒரே அளவையை நம்பாமல் பல அளவைகளைச் சேர்த்துப் பார்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அளப்பவருக்கு எந்த விலங்கு எந்தப் பிரிவைச் சேர்ந்தது என்பது தெரியாதிருத்தலும் அவசியம். தம் பொருள் வெல்ல வேண்டும் என்னும் ஆவல் நேர்மையான ஆராய்ச்சியாளரின் கண்ணையும் சாய்த்துவிடக்கூடும்.

காலமும் ஓர் அளவையே. கரையும் பொருள் எட்டு வாரங்களில் நலமாகத் தோன்றலாம். அது முழுதும் கரைவதற்கு ஓராண்டு ஆகுமாயின், அவ்வோராண்டும் காத்திருத்தல் வேண்டும். பாலிலாக்டிக், பாலிகிளைகாலிக் வகைப் பொருள்கள் கரையும்போது அமிலத்தை வெளிவிடுகின்றன. அவ்வமிலம் ஓரிடத்தில் மிகுமாயின் திசுவை வருத்தும். நீரை உறிஞ்சி உப்பும் பொருள், குழாயின் உட்புறத்தை ஒடுக்கிப் புதிதாக வளர்ந்த நரம்பையே நெருக்கிவிடலாம். இவ்விளைவுகள் வெளிப்படும் முன்னரே சோதனையை முடித்துவிடுவது, தேர்வு மணி அடிக்கும் முன்னரே விடைத்தாளைத் திருத்துவது போன்றதாகும்.

திருவனந்தபுரத்து முன்மாதிரி

கடுமையான சோதனை இந்தியாவின் வசதிகளுக்கு அப்பாற்பட்டது என்று எவரேனும் கருதுவராயின், அவர்கள் திருவனந்தபுரத்திலுள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்ப நிலையத்தின் வரலாற்றை நோக்குதல் தகும். அங்கு டாக்டர் எம். எஸ். வலியத்தான் தலைமையில் 1970களில் செயற்கை இதய வால்வு ஒன்றை ஆக்கும் பணி தொடங்கிற்று. இதயம் ஓராண்டில் மூன்றரைக் கோடி முறைக்கு மேல் துடிக்கிறது. வால்வு அத்தனை முறையும் திறந்து மூட வேண்டும். அதனால் தேய்மானச் சோதனை இயந்திரங்களில் பல கோடிச் சுற்றுகள் நடத்தப்பட்டன. ஆடுகளில் வைத்தும் பார்க்கப்பட்டது. முன்னைய மூன்று வடிவங்களும் குறைபாடு கண்டு கைவிடப்பட்டன. நான்காவது வடிவமே 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளியின் இதயத்தில் வைக்கப்பட்டது. அதன் பின்னர் பல்லாயிரம் நோயாளிகள் அவ்வால்வினால் பயனடைந்துள்ளனர்.

அந்த மூன்று வடிவங்களின் தோல்வியை அந்நிலையத்தார் மறைக்கவில்லை. எந்தப் பாகம் எதனால் முறிந்தது என்பது எழுதப்பட்டமையால்தான் அடுத்த வடிவம் திருந்திற்று. நரம்புப் பாலங்களின் ஆராய்ச்சிக்கு இன்று குறைவாக உள்ளது இம்மனப்பான்மையே. வென்ற சோதனை ஏட்டில் அச்சாகிறது. தோற்ற சோதனை பெட்டியில் உறங்குகிறது. அதன் விளைவாக, ஓர் ஆய்வுக்கூடம் கண்ட தோல்வியை மற்றோர் ஆய்வுக்கூடம் அறியாமல் மீண்டும் பணத்தையும் விலங்குகளின் உயிரையும் செலவிட நேர்கிறது. மனிதரில் நடைபெறும் மருத்துவச் சோதனைகளை முன்கூட்டியே பதிவு செய்யும் தேசியப் பதிவேடு 2007ஆம் ஆண்டு முதல் இந்தியாவில் இயங்குகிறது. 2009ஆம் ஆண்டு முதல் அப்பதிவு கட்டாயமாயிற்று. அரசின் நிதியுதவியுடன் நடைபெறும் உயிரிப்பொருள் சோதனைகளுக்கும், விலங்குச் சோதனைகள் உட்பட, அத்தகைய பதிவும், வெற்றி தோல்வி இரண்டையும் வெளியிடும் கடப்பாடும் விதிக்கப்படுதல் நன்று.

மறுப்பும் விடையும்

இத்தகைய கடுமை சிகிச்சையைத் தாமதப்படுத்தும், செலவைப் பெருக்கும், மேலும் பல விலங்குகளைத் துன்புறுத்தும் என்னும் மறுப்பு எழுவது இயல்பே. கை சோர்ந்து காத்திருக்கும் நோயாளிக்கு ஓராண்டு என்பது சிறிய காலமன்று. இம்மறுப்பைப் புறக்கணித்தல் தகாது. ஆயினும் கணக்கை முழுமையாகப் பார்த்தல் வேண்டும். பத்து ஆய்வுக்கூடங்கள் பத்துப் பொருள்களை 10 மி.மீ. இடைவெளியில் சோதித்து, பத்தும் வென்றன என்று கூறுமாயின், எதனை மேற்கொண்டு செல்வது என்பது எவருக்கும் தெரியாது. அத்தனை விலங்குகளும் வீணே மடிந்தனவாகும். அதே விலங்குகளை நீண்ட இடைவெளியில், முறையான ஒப்பீட்டுடன் சோதித்திருந்தால், அப்பத்தில் எட்டையேனும் விலக்கியிருக்கலாம்.

விலங்குகளின்பால் இரக்கம் காட்டும் கடமையும் இதையே வற்புறுத்துகிறது. இந்தியாவில் 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த குழு இத்தகைய சோதனைகளைக் கண்காணிக்கிறது. அதற்கு முந்தைய ஆண்டில், 1959இல், ரஸ்ஸல், பர்ச் என்னும் ஆங்கிலேய விஞ்ஞானியர் இருவர் மூன்று நெறிகளை வகுத்தனர். இயலுமிடத்து விலங்குக்கு மாற்று காணுதல், எண்ணிக்கையைக் குறைத்தல், துன்பத்தைத் தணித்தல் என்பவையே அவை. ஆய்வுக்கூடப் பாத்திரத்திலேயே பொருள்களை வடிகட்டி, எஞ்சிய சிலவற்றை மட்டும் கடுமையான விலங்குச் சோதனைக்கு அனுப்புவது இந்நெறிகளோடு முற்றும் இசைந்ததாகும்.

தாமதத்தைப் பற்றிய மறுப்புக்கும் விடை உண்டு. நரம்புப் பாலம் பயன்படாது போனால், மருந்தை நிறுத்துவதைப் போல அதனை நிறுத்திவிட முடியாது. ஓராண்டு காத்திருந்த பின்னரே தோல்வி புலனாகும். அதற்குள் தசை நாராகிவிடும். மீண்டும் அறுவை செய்து சூரல் நரம்பை ஒட்டவைத்தாலும் பயன் குறைவு. சோதனையில் சேமிக்கப்பட்ட காலத்தை நோயாளி தம் கையால் ஈடு செய்ய நேரிடும்.

களப்பணியாளரும் ஆசிரியரும்

சோதனை ஆய்வுக்கூடத்திலோ அறுவை அரங்கிலோ முடிந்துவிடுவதில்லை. அதன் கடைசிப் பகுதி நோயாளி ஊர் திரும்பிய பின்னரே நடைபெறுகிறது. இதில் களப்பணியாளரின் பங்கு பெரிது. இந்நாட்டில் அதற்கு நீண்ட பயிற்சியும் உண்டு. உலகில் ஆண்டுதோறும் புதிதாகக் கண்டறியப்படும் தொழுநோயாளிகளுள் பாதிக்கும் மேற்பட்டோர் இந்தியாவில் உள்ளனர். தொழுநோய்க் கிருமி ஷ்வான் உயிரணுக்களையே தாக்குகிறது. அந்நோயில் விரல்கள் குறுகுவது சதை தானே அழுகுவதால் அன்று, உணர்ச்சியற்ற கை அறியாமல் மீண்டும் மீண்டும் காயமுறுவதால் என்பதை வேலூரில் பணியாற்றிய மருத்துவர் பால் பிராண்ட் எடுத்துக்காட்டினார். அதனால் நரம்பின் நிலையை அவ்வப்போது அளந்து பார்ப்பது தொழுநோய்க் களப்பணியின் அன்றாட வேலையாயிற்று.

நரம்புப் பாலங்கள் தொழுநோய்க்குப் பொது மருந்தாகா. அந்நோயில் நரம்பு பெரும்பாலும் ஓரிடத்தில் அறுவதில்லை, நெடுகப் பழுதடைகிறது. ஆனால் அங்குக் கற்ற அளவை முறை இங்கும் பொருந்தும். குறித்த விசையில் வளையும் நைலான் இழையைத் தோலில் அழுத்தி, கண்ணை மூடியிருக்கும் நோயாளி அதனை உணர்கிறாரா என்று கேட்பது ஒரு சோதனை. 10 கிராம் விசையில் வளையும் இழையையும் பாதம் உணராதாயின், முள்ளிலிருந்தும் சூட்டிலிருந்தும் தன்னைக் காக்கும் உணர்ச்சியை அது இழந்துவிட்டது எனக் கொள்ளப்படுகிறது. சுண்டுவிரலை விலக்கச் சொல்லியும், கட்டைவிரலை உயர்த்தச் சொல்லியும், பாதத்தை மேலே தூக்கச் சொல்லியும் தசையின் வலிமையைக் குறிப்பது மற்றொரு சோதனை. பெரும் செலவில் அமைந்த சாதனங்கள் எவையும் இவற்றிற்குத் தேவையில்லை; ஒரே முறையில், ஒரே கால இடைவெளியில், ஒழுங்காகச் செய்து எழுதி வைத்தலே தேவை.

நரம்பு இணைக்கப்பட்ட நோயாளி ஒருவர் தம் பகுதியில் இருப்பதை அறியும் களப்பணியாளர், மூன்று மாதங்களுக்கு ஒரு முறையேனும் இவ்வளவைகளை எடுத்து, அறுவை செய்த மருத்துவமனைக்கு அனுப்புதல் பெரும் தொண்டாகும். முன்னேற்றம் இல்லை என்னும் குறிப்பையும் தயங்காது அனுப்புதல் வேண்டும், அதுவும் முடிவுதான். பொருளை ஆக்கிய விஞ்ஞானி பெறக்கூடிய மிகப் பயனுள்ள செய்தி அதுவாகவே இருக்கலாம். ஆராய்ச்சித் திட்டங்களைத் தீட்டுவோரும், இரண்டு மூன்று ஆண்டுகள் நீளும் இத்தொடர் கவனிப்புக்குத் தொடக்கத்திலேயே பணமும் ஆளும் ஒதுக்குதல் வேண்டும்.

ஆசிரியர்கள் இக்கருத்தை வகுப்பறையிலேயே விளக்கலாம். கவராயத்தின் இரு முனைகளையும் மழுக்கி, மாணவரின் விரல் நுனியில் மெல்ல வைத்து, எத்தனை முனை தெரிகிறது என்று கேட்கலாம். விரல் நுனியில் சில மில்லிமீட்டர் இடைவெளியே இரண்டாகத் தெரியும். முதுகிலோ சில சென்டிமீட்டர் விலகினாலும் ஒன்றாகவே தெரியும். கண்ணைத் திறந்து செய்தால் விடை மாறுவதையும், கேட்பவர் விடையை எதிர்பார்த்துக் குரலை மாற்றினால் மாணவர் அதற்கேற்ப விடை கூறுவதையும் மாணவர்களே காண்பார்கள். சோதனை என்றால் என்ன, ஒப்பீடு எதற்கு, அளப்பவர் ஏன் நடுநிலையில் நிற்க வேண்டும் என்பவற்றை இதனைவிட எளிதாகக் கற்பிக்க முடியாது.

புதிய பொருள் ஒன்று நரம்பை இணைத்தது என்னும் செய்தியை இனிப் படிப்போர் சில கேள்விகளைக் கேட்டல் நலம். இடைவெளி எவ்வளவு? எதனோடு ஒப்பிடப்பட்டது? எவ்வளவு காலம் கவனிக்கப்பட்டது? கால் நடந்ததா, கை பற்றியதா? இவற்றுக்கு விடை கிடைக்கும் செய்தி நம்பத்தக்கது. விடை கிடைக்காதவிடத்து, அரிவாள் வெட்டுப்பட்ட உழவரிடம் நம்பிக்கையூட்டும் சொல் எதனையும் கூறுமுன் களப்பணியாளர் சற்றுப் பொறுத்தலே முறையாகும்.